நான் தைக்காத சட்டை

தம்பி, உன்னைப் பெற்றவள் நான், ஆனால் ‘உள்மடிப்பு’ என்கிற உன் பாட்டில் வருகிற அம்மா நான் இல்லை. இது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், நெளுக்குளத்தில் இருக்கிற உன் பவளம் சின்னம்மாவுக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டவள் நான்தான். அதனால்தான் போனில் சொல்ல வேண்டியதை நாலு பேர் படிக்கக்கூடியதாக எழுதுகிறேன். பொய்யை ஊரெல்லாம் பார்க்க வீடியோவில் சொல்லிவிட்டு, உண்மையை உன் காதுக்குள் மட்டும் சொன்னால் அது நியாயமில்லை. வருகிற சனிக்கிழமை வவுனியாவில் உன் நிகழ்ச்சி. அந்தப் பாட்டுக்கு முன் என்னை மேடைக்குக் கூப்பிடப் போவதாகச் சொல்லியிருக்கிறாய். கூப்பிடாதே. ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். நடுவில் என் கோபமும் வரும், பொறுத்துக்கொள்.

உன் அப்பா காய்ச்சலில் போனபோது உனக்கு நாலு வயது. புளியங்குளத்துக் காணியை விட்டு இடம்பெயர்ந்து வந்து நெளுக்குளத்தில் பவளத்தின் வீட்டில் ஒதுங்கியிருந்தோம். என் தங்கை கலியாணம் செய்யவில்லை. காலால் மிதிக்கிற தையல் மெஷின் ஒன்றை வைத்துப் பள்ளிக்கூடச் சட்டைகள் தைத்துச் சீவித்தாள். ஒரு மெஷினில் மூன்று பேர் சாப்பிட முடியாது என்று நான் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனேன். புறப்பட்ட நேரம் நீ நித்திரை. எழுப்பினால் கால் நகராது என்று எழுப்பாமல் போனேன். வாசல் படலையில் நின்று பவளத்திடம், “அவன் என்னை மறக்காமப் பாத்துக்கொள்” என்று சொன்னேன். “ஓம் அக்கா” என்றாள். அந்த ஓமை நான் ஒரு நாளும் நம்பவில்லை. போன வாரம் வரைக்கும் நம்பவில்லை என்பதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

ஏழு வருடம் அங்கே இருந்தேன். ஊருக்கு யாராவது லீவில் வந்தால் அவர்கள் கையில் உனக்குச் சட்டை கொடுத்துவிடுவேன். கடையில் நின்று, கையை என் இடுப்புக்குப் பக்கத்தில் வைத்து, “இவ்வளவு உயரம்” என்று காட்டி வாங்குவேன். ஒவ்வொரு முறையும் கை அதே இடத்தில்தான் போய் நின்றது. ஒரு நாள் அந்த மலையாளக் கடைக்காரர், “சேச்சி, இந்தப் பிள்ளை வளரவே இல்லையா?” என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கடைக்கு மறுபடி போகவில்லை. ஆனால் அடுத்த கடையிலும் கை அதே இடத்தில்தான் நின்றது. நீ நெளுக்குளத்தில் வளர்ந்துகொண்டிருந்தாய், என் கைக்கு மட்டும் அது தெரியவில்லை. நாளைக்கு உனக்கும் ஒரு பிள்ளை வரும். நீயோ ஊர் ஊராகப் பாடித் திரிகிறவன். அதற்கு ஒரு சட்டை வாங்குவதென்றால் முதலில் வீட்டுக்குப் போன் எடுத்து அளவு கேள். மனதில் இருக்கிற அளவை நம்பாதே.

அந்தக் கசெற்றின் கதையை நீ பேட்டி பேட்டியாகச் சொல்லியிருக்கிறாய். என் பக்கத்துக் கதையை ஒருவரும் கேட்டதில்லை. நான் வேலை செய்த வீட்டில் மூத்த மகள் அமெரிக்காவில் படித்துவிட்டு வந்தவள். அவள் வேண்டாம் என்று குப்பைக்குக் கட்டி வைத்த பையில் ஒரு கசெற் கிடந்தது. கசெற்றின் விளிம்பில் இருக்கிற சின்னத் துளையைக் காகிதம் ஒட்டி மூடினால் பழைய பாட்டின் மேலேயே நம் குரலைப் பதியலாம் என்று பக்கத்து வீட்டில் வேலை செய்த பிலிப்பைன்ஸ் பெண் காட்டித் தந்தாள். குசினிக் கதவைச் சாத்திவிட்டு, குளிர்சாதனப் பெட்டியின் மேல் இருந்த றேடியோவில் அதைப் போட்டுக் கதைத்தேன். பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் முடியவில்லை. அழுகை வந்தது, அழுகையைப் பிள்ளைக்கு அனுப்பக் கூடாது என்று நிறுத்திவிட்டேன். மிச்ச நாடாவில் என்ன இருக்கிறது என்று போட்டுப் பார்க்கக்கூட நேரமில்லை, வீட்டுக்கார மடம் கூப்பிட்டா. மிச்சத்தில் அந்தப் பழைய பாட்டுக்காரி இருந்தாள், அமெரிக்கக் கறுப்புப் பெண் ஒருத்தி. என் குரல் முடிந்து ஒரு ‘டக்’ சத்தம் கேட்டதும் அவள் நடுப்பாட்டிலிருந்து தொடங்குவாள்.

“நீங்கள் அனுப்பின கசெற்றைத் தம்பி நாளுக்குப் பத்துத் தரம் கேக்கிறான்” என்று பவளம் கடிதம் போட்டாள். அந்தக் கடிதத்தை மடித்து உள்ளாடைக்குள் வைத்துக்கொண்டே வேலை செய்தேன். பிலிப்பைன்ஸ்காரிக்கு வாசித்துக் காட்டினேன். பிள்ளை என் குரலில்தான் தூங்கி எழும்புகிறான் என்று நினைத்துக்கொண்டு அந்த வீட்டின் நாற்பது யன்னலையும் துடைத்தேன். நீ கேட்டது என்னை இல்லை, அந்தப் பாட்டுக்காரியை என்பது திரும்பி வந்த பிறகுதான் தெரிந்தது. வவுனியா பஸ் நிலையத்தில் நான் இறங்கியபோது உனக்குப் பதினொரு வயது. பவளத்தின் சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, “அம்மா, குவைத் அம்மா வந்திட்டா” என்று சத்தமாகச் சொன்னாய். ஒரே வாக்கியத்தில் இரண்டு அம்மா, அதில் ஊர்ப் பெயர் வைத்துக் கூப்பிடப்பட்டவள் நான். வீட்டுக்கு வந்து பார்த்தால் நான் அனுப்பிய சட்டைகள் எல்லாம் தலையணை உறைகளாக இருந்தன. ஒன்றில் பை கூட அப்படியே இருந்தது. “அளவு காணாதக்கா, துணி வீணாகாமத் தைச்சனான்” என்று பவளம் சொன்னாள். அன்று நான் தலையணை இல்லாமல் படுத்தேன்.

மறுநாள் கிணற்றடியில் நீ குளித்துக்கொண்டு பாடியதைக் கேட்டேன். ஆங்கிலம் என்று ஒன்றும் தெரியாது உனக்கு. ஆனால் அந்தப் பெண் எந்த இடத்தில் மூச்சை இழுக்கிறாள், எந்தச் சொல்லைத் தொண்டையில் வைத்து உடைக்கிறாள் என்று எல்லாம் தெரிந்திருந்தது. உடம்பு சிலிர்த்தது. பெருமை என்றுதான் சொல்ல ஆசை. பெருமை பிறகு வந்தது, முதலில் வந்தது பொறாமை. நான் பன்னிரண்டு நிமிடம் கதைத்த பிள்ளைக்கு அவள் முப்பது நிமிடம் பாடியிருக்கிறாள், பிள்ளை அவளுடையதாகிவிட்டான். உயர்தரப் பரீட்சை வந்தபோது நீ கேட்கிற பவளத்தின் றேடியோவையும் கசெற்றையும் அவளுடைய அலுமாரிக்குள் வைத்துப் பூட்டச் சொன்னேனே, நினைவிருக்கிறதா? படிப்புக்காக என்று சொன்னேன். அது பொய். கண்ணை மூடிக்கொண்டு நீ அவளைக் கேட்கிற முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. என்னைப் பார்க்கும்போது உனக்கு அந்த முகம் வந்ததே இல்லை.

பூட்டி வைத்து என்ன பயன், பாட்டு உனக்குள் போய்விட்டது. கலியாண மண்டபக் குழுவோடு சேர்ந்தாய். பிறகு கொழும்பில் ஹோட்டலில் வெள்ளைக்காரருக்கு அவர்களுடைய பாட்டையே பாடிக்காட்டினாய். பிறகு ஒரு நாள் நீயே எழுதினாய், நெளுக்குளத்துக்குப் போகிற கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவனைப் பற்றி. இதற்கு சோல் என்று பெயர், கறுப்பு மக்கள் தங்கள் தேவாலயப் பாட்டிலிருந்து கொண்டுவந்தது, ஆனால் நான் தமிழில்தான் பாடுவேன் என்று றேடியோவில் சொன்னாய். இது பாட்டோ அழுகையோ என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் கேட்டார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன், அதையும் மன்னித்துக்கொள். பிறகு லண்டன், பாரிஸ், ரொறன்ரோ. ஒவ்வொரு நிகழ்ச்சியின் வீடியோவையும் நான் பார்க்கிறேன். முதல் பாட்டுக்கு முன் மைக்கைப் பிடித்துக்கொண்டு, “சாப்பிட்டியளோ? அங்க மழை பெய்யுதோ?” என்று கேட்கிறாய். சனம் “பெய்யுது” என்று கத்துகிறது. கூரை போட்ட மண்டபத்துக்குள் நின்று மழையை விசாரிக்கிற கூத்து என்னவென்று எனக்கு விளங்கவில்லை. வெளிநாட்டுச் சனத்தைப் பிடிக்கக் கற்றுக்கொண்ட வித்தை என்று நினைத்தேன். பாட்டு எங்கிருந்து வந்தது என்று பேட்டியில் கேட்டால், குரல் கசெற்றில் கேட்ட பெண்ணிடமிருந்து, தாளம் சின்னம்மாவின் தையல் மெஷினிலிருந்து என்று சொல்வாய். குரலுக்கு ஒருத்தி, தாளத்துக்கு ஒருத்தி. பத்து மாதம் சுமந்ததற்கு ஏதாவது சொல்வாய் என்று ஒவ்வொரு பேட்டியையும் கடைசி வரை பார்த்திருக்கிறேன்.

அப்போதுதான் ‘உள்மடிப்பு’ வந்தது. பள்ளிக்கூடச் சட்டையின் கையிலும் கீழ்விளிம்பிலும் துணியை அகலமாக உள்ளே மடித்துத் தைத்து, வருடத்துக்கு ஒரு மடிப்பாக அவிழ்த்துவிட்ட அம்மாவின் பாட்டு. ‘நான் வளர்வேன் என்று எனக்கு முன்னமே தெரிந்துகொண்டாய்’ என்று நீ இழுக்கிற இடத்தில் ஊரே அழுகிறது. நானும் அழுதேன், ஆத்திரத்தில். நான் ஒரு பொத்தான்கூடத் தைத்ததில்லை. வளர மாட்டாய் என்று ஏழு வருடம் சட்டை வாங்கியவள் நான். ஆனால் பாட்டில் நீ அம்மா என்றுதானே பாடுகிறாய், பெயர் சொல்லவில்லையே. நான் திரும்பிப் போய்க் கமம் செய்கிற புளியங்குளத்தில், கமக்காரர் சங்கக் கூட்டத்தில் பக்கத்துக் காணிக்கார மனிசி என் கையைப் பிடித்து, “உங்களைப் பற்றித்தானே பிள்ளை பாடியிருக்கிறான். அந்தக் காலத்தில எவ்வளவு கஸ்ரப்பட்டிருப்பியள்” என்று கேட்டா. எனக்கு வாய் தன்பாட்டில் திறந்தது. “ஓம்” என்றேன்.

ஒரு ஓம் சொன்னால் அதோடு நிற்காது, தம்பி. யூரியூப் சனல் நடத்துகிற புருசனும் பெண்சாதியும் அந்தப் பாட்டின் அம்மாவைத் தேடிப் புளியங்குளத்துக்கு வரப்போவதாகப் போன் எடுத்தார்கள். வீட்டில் ஊசிகூட இல்லை. அடுத்த நாளே வவுனியாவுக்குப் போய், பழைய சாமான் கடையில் கால் மிதிக்கிற தையல் மெஷின் ஒன்றை வாங்கி, லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு வந்து விறாந்தையில் வைத்தேன். புதிதாகத் தெரியக் கூடாது என்று மேலே தேங்காயெண்ணெயும் சாம்பலும் பூசினேன். அவர்கள் வந்தார்கள். நான் மெஷினுக்கு முன் இருந்து, வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டு, ஒரு வெள்ளைத் துணியை உள்ளே மடித்துக் காட்டினேன். “பிள்ளை வளருவான் எண்டு தாய்க்குத் தெரியாதோ” என்று கேட்டேன். அந்தப் பெண் கண்ணைத் துடைத்தாள். நூல் கோக்காத மெஷினை நான் மிதித்துக்கொண்டிருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. உனக்குத் தெரியாமல் இருந்திருக்காது, தைக்கிற வீட்டில் வளர்ந்தவன் நீ.

நீ ஒன்றும் கேட்கவில்லை. போன மாதம் போன் எடுத்து, “அம்மா, வவுனியா நிகழ்ச்சியில ‘உள்மடிப்பு’ பாடேக்க நீங்கள் மேடைக்கு வரவேணும்” என்று மட்டும் சொன்னாய். எனக்கு ஒரு கிழமை தலைகால் புரியவில்லை. நீலக்கரைச் சீலை ஒன்று எடுத்தேன். பிறகு மெல்ல மெல்ல உறைத்தது. வீடியோவைப் பார்த்துவிட்டு, ஊருக்கு முன் நான் வெட்கப்படக் கூடாது என்று, என் பொய்யை நீ உன் தோளில் தூக்கி வைத்திருக்கிறாய். அது அன்பு, தெரியும். ஆனால் அந்த அன்புக்காக வேறொருத்தியின் கதிரையை எடுத்து எனக்குத் தந்திருக்கிறாய். இன்னொருவருடையதை எடுத்து யாருக்கும் இரக்கம் காட்டாதே, உன்னைப் பெற்றவளுக்குக்கூட. இதை இவ்வளவு நல்லவளாக எழுதுகிறேனே தவிர, அன்றைக்கு நான் நினைத்தது இது இல்லை. பவளத்துக்கு இது தெரியுமா, தெரிந்தால் மேடைக்கு வந்து குழப்புவாளா என்றுதான் யோசித்தேன். அதைக் கேட்டுத் தீர்க்கத்தான் போன ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி நெளுக்குளத்துக்குப் போனேன்.

அவள் தைத்துக்கொண்டிருந்தாள். “அக்கா, இருங்கோ, தேத்தண்ணி போடுறன்” என்று எழும்பினாள்.

“தேத்தண்ணி கிடக்கட்டும். தம்பி உனக்குப் போன் எடுத்தவனோ?”

“எடுத்தவன். உங்களைத்தான் மேடைக்குக் கூப்பிடப் போறன் எண்டவன். நானும் அதுதான் சரி எண்டு சொன்னனான்.”

“அந்த வீடியோவைப் பாத்தனியோ?”

“பாத்தனான்.” மடியிலிருந்த துணியை நிதானமாக மடித்தாள். “ஊசியைப் பல்லால கடிக்கக் கூடாதக்கா. உதட்டுக்குள்ள வைக்கோணும். பல்லுத் தேஞ்சுபோம்.”

அவள் கத்தியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். பல்லுக்குக் கவலைப்பட்டாளே, அதுதான் பொறுக்கவில்லை. இருபது வருடமாக வாய்க்குள் வைத்திருந்ததை எல்லாம் கொட்டினேன். “என்ர பிள்ளையை நீ பறிச்சுப்போட்டாய். பாத்துக்கொள் எண்டுதான் தந்தனான், எடுத்துக்கொள் எண்டு தரேல்லை. அவன்ர பாட்டு உன்ரை, தாளம் உன்ரை, சட்டை உன்ரை. மிச்சம் அந்தக் கசெற்றுக்காரியின்ரை. எனக்கு என்ன வைச்சனீ?” என்று கேட்டேன். முன்வீட்டுச் சனம் எட்டிப் பார்த்தது. பார்க்கட்டும் என்று விட்டேன்.

பவளம் எழும்பிப் போனாள். அலுமாரியைத் திறந்து, பழைய சீலையில் சுற்றிய அந்த றேடியோவைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். “இதில ஒரு பொத்தான் இல்லை, தெரியுதோ?” என்று கேட்டாள். நாடாவை முன்னுக்குச் சுற்றுகிற பொத்தான் இருந்த இடத்தில் ஓட்டை இருந்தது.

“உடைஞ்சு போச்சோ?”

“நான் கழட்டினனான். கசெற் வந்த புதுசில அவன் நீங்கள் கதைக்கிறதை ஓட்டிப்போட்டு, நேர அந்தப் பாட்டுக்குப் போயிடுவான். ரெண்டு நாள் பாத்தன். மூண்டாம் நாள் கத்தரிக்கோலால நெம்பிக் கழட்டிப்போட்டன். மறக்காமப் பாத்துக்கொள் எண்டு சொல்லிப்போட்டுப் போனனீங்கள். நான் வேற என்னத்தைச் செய்ய? பாட்டு வேணுமெண்டா அம்மா கதைச்சு முடிக்கும்மட்டும் இரு எண்டு சொன்னன். பத்துத் தரம் பாட்டுக் கேட்டா, பத்துத் தரம் உங்களைக் கேட்டவன்.”

அந்த ஓட்டைக்குள் விரலை வைத்துப் பார்த்தேன். அவள் கடைசியாக ஒன்று சொன்னாள். “வளந்தாப் பிறகு, கசெற்றைப் புரட்டிப் போட்டுப் பின்னுக்குச் சுத்தினா முன்னுக்குப் போகலாம் எண்டு கண்டுபிடிச்சிட்டான். எனக்கு ஒருக்காச் செய்தும் காட்டினவன். அதுக்குப் பிறகும் முதல்ல இருந்துதான் கேட்டவன் அக்கா.”

கசெற் இன்னும் உள்ளேயே கிடந்த றேடியோவைக் கரண்டில் போட்டாள். கிரீச்சென்று சத்தம் வந்து, பிறகு ஒரு இளம் பெண் மூக்கடைத்த குரலில் கதைத்தாள். அது நான்தான் என்று பிடிபடக் கொஞ்ச நேரம் எடுத்தது. “தம்பி, அம்மா கதைக்கிறன். சாப்பிட்டியோ? அங்க மழை பெய்யுதோ?” என்று கேட்டாள். குவைத்தில் மழை இல்லாமல் எனக்கு ஊர் மழையின் நினைப்பாகவே இருந்தது, அதனால் கேட்டிருக்கிறேன். கேட்டதையே மறந்துபோனேன். “ஒவ்வொருக்காவும் றேடியோப் பெட்டிக்குக் கிட்டப் போய்ப் பதில் சொல்லுவான்” என்றாள் பவளம். “வெளியில வெயில் கொளுத்தும். அவன், பெய்யுதம்மா, நல்லாப் பெய்யுது எண்டுதான் சொல்லுவான். ஏன்ரா பொய் சொல்லுறாய் எண்டு கேட்டா, அம்மாவுக்கு மழை விருப்பம் போல கிடக்கு, அதுதான் எண்டுவான்.” பிறகு இருவரும் தேத்தண்ணி குடித்தோம். என் பன்னிரண்டு நிமிடம் முடிந்து அந்தப் பெண் பாடத் தொடங்கியபோது நான் நிறுத்தச் சொல்லவில்லை. நல்லாத்தான் பாடுகிறாள்.

ஆகவே சனிக்கிழமை ‘உள்மடிப்பு’க்குப் பவளத்தைக் கூப்பிடு. பெயர் சொல்லிக் கூப்பிடு, சட்டை தைத்தவள் இவள்தான் என்று சொல்லு. அவள் வர மாட்டேன் என்று கதிரையைப் பிடித்துக்கொண்டு இருப்பாள், நீ இறங்கி வந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போ. நீலக்கரைச் சீலையை அவளிடம் கொடுத்துவிட்டேன். மெஷினும் அடுத்த கிழமை அவளிடம் போகிறது. எனக்குப் பொறாமை போய்விட்டது என்று மட்டும் நினைக்காதே. என் குரலை உனக்குள் வைத்தவளும் அவள்தான் என்று தெரிந்ததிலிருந்து இன்னும் கூடியிருக்கிறது, அதிலும் அவளே வென்றுவிட்டாள். அவள் படியேறும்போது என் வயிறு எரியும். கையும் தட்டுவேன். இரண்டையும் ஒன்றாகச் செய்ய எனக்குப் பழக்கம் உண்டு.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். முதல் பாட்டுக்கு முன் நீ வழக்கமாகக் கேட்பாயே, அதைக் கேட்டுவிட்டுச் சனம் கத்த முதல் ஒரு நொடி கையைக் காட்டி எல்லாரையும் நிறுத்து. முன்வரிசையில் பவளத்துக்குப் பக்கத்தில் நான் இருப்பேன். இத்தனை வருடம் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று நீ எனக்குச் சொன்னதை, ஒருக்கால் நான் உனக்குச் சொல்ல வேண்டும். வெளியே வெயில் கொளுத்தினாலும் அதைத்தான் சொல்வேன். பெய்யுது தம்பி, நல்லாப் பெய்யுது.